பழகியும் படம் வரவில்லையா? பக்கத்தைப் பார்த்துப் பழுது பிடிக்கும் முறை

டிஸைன் படிப்பில் சேர்ந்த முதல் பருவத்தில் ஒரே பீங்கான் கோப்பையை 62 முறை வரைந்தேன். ஒவ்வொன்றின் கீழும் எண் போட்டு வைத்ததால் கணக்கு நினைவிருக்கிறது. "தினமும் வரை, தானா வந்துடும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் வரைந்தேன். 62ஆவது கோப்பையின் வாயும் முதல் கோப்பையின் வாயைப் போலவே இரண்டு ஓரத்திலும் கூர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, மீனை மல்லாத்திப் போட்டது மாதிரி இருந்தது. முதல் கோப்பையில் அந்தத் தப்பைத் தயங்கித் தயங்கிச் செய்திருந்தேன். கடைசிக் கோப்பையில் சரளமாகச் செய்திருந்தேன். முன்னேற்றம் அவ்வளவுதான்.

சித்திரமும் கைப்பழக்கம் என்பது உண்மைதான். ஆனால் கைக்கு எதைக் கொடுத்தாலும் பழகிக்கொள்ளும், சரியா தப்பா என்று கேட்காது. என் ஆசிரியர் ஒருவர் அந்த 62 பக்கங்களையும் புரட்டிவிட்டு, ஒரு கோப்பையின் மேல் டிரேசிங் தாளை வைத்து மேலிருந்து கீழாக ஒரே ஒரு நேர்கோடு போட்டார். "இந்தக் கோட்டை முதல்ல போடு, அப்புறம் கோப்பையை வரை" என்றார். இரண்டு மாதம் தீராத பழுது இரண்டு நிமிடத்தில் பிடிபட்டது. அது என்ன கோடு என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனைத் தாள் தயார் செய்யுங்கள். ஒரு ஏ4 தாளில் பால் பாயின்ட் பேனாவால், ரப்பர் ஸ்கேல் எதுவும் இல்லாமல், 10 நேர்கோடுகள், 5 நீள்வட்டங்கள், ஒரு பெட்டி, ஓர் உருளை, மேசையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருள். மொத்தம் 15 நிமிடம் போதும். தேதி போட்டுவிட்டுப் பக்கத்தைச் சுவரில் சாய்த்து வைத்து நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். கீழே உள்ளவற்றில் எது உங்கள் பக்கத்தில் தெரிகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். வரிசையாகப் படிக்கவேண்டியதில்லை.

கோடு கம்பளிப்பூச்சி மாதிரி மயிர்மயிராக இருக்கிறது

ஒரு கோட்டுக்குப் பதில் சின்னச் சின்னக் கீறல்களை ஒட்டி ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள். பயம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. மீதிக் காரணம் உடம்பில் இருக்கிறது. உள்ளங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு விரலையும் மணிக்கட்டையும் மட்டும் அசைத்தால் நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் கை எட்டாது. அதற்கு மேல் நீளவேண்டிய கோட்டைத் துண்டு போட்டுத்தான் ஆகவேண்டும். பயமே இல்லாதவருக்கும் இதே கதிதான்.

எழுதும்போது மணிக்கட்டு போதும். வரையும்போது சின்ன வளைவுக்கு மணிக்கட்டு, நடுத்தரக் கோட்டுக்கு முழங்கை, பக்கத்தின் பாதிக்கு மேல் ஓடும் கோட்டுக்குத் தோள். சுண்டு விரலின் நகம் மட்டும் தாளைத் தொட்டுக்கொண்டு சறுக்கட்டும். இரண்டு புள்ளி வையுங்கள். பேனா தாளில் படாமல், காற்றிலேயே ஒரு புள்ளியிலிருந்து மற்றதற்கு இரண்டு மூன்று முறை கையை ஓட்டிப் பாருங்கள். கை பாதையைப் பிடித்துக்கொண்டதும் அதே வேகத்தில் பேனாவைத் தாளில் இறக்குங்கள். போகும்போது பேனா முனையைப் பார்க்காதீர்கள், சேரவேண்டிய புள்ளியைப் பாருங்கள். தப்பினால் அதன் மேல் இன்னொரு முழுக் கோடு போடலாம். தைக்கிற மாதிரி ஒட்டுப்போட மட்டும் கூடாது.

முதல் சில நாள் கோடுகள் முன்பைவிட மோசமாகத்தான் வரும். புதுத் தசை வேலை செய்கிறது, அவ்வளவுதான். அந்த நாட்களில் பென்சிலை விட்டுவிட்டுப் பேனாவிலேயே இருப்பது நல்லது. ரப்பர் கையில் இருந்தால் மணிக்கட்டு மறுபடி மேசையில் உட்கார்ந்துகொள்ளும்.

கோடு வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் எப்போதும் ஒரே பக்கம் வளைகிறது

கை ஒரு மூட்டைச் சுற்றிச் சுழல்கிறது, அதனால் நேர்கோடு வில்லாகிறது. வில் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, மனதுக்குள் எதிர்ப்பக்கம் லேசாக வளைத்துப் போடுங்கள். அதைவிட எளிது, தாளைத் திருப்புவது. ஒவ்வொருவர் கைக்கும் சுலபமாக வரும் திசை ஒன்று உண்டு. முக்கியமான கோடு அந்தத் திசையில் விழும்படி தாளைச் சுழற்றிக்கொள்ளலாம். தாளை மேசையோடு ஒட்டியது போல் நேராக வைத்துத்தான் வரையவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கோப்பையின் வாய் கோணுகிறது, சக்கரம் முட்டையாகிறது

நீள்வட்டம். டிஸைன் மாணவரின் நோட்டில் அதிகம் தோற்கும் வடிவம் இதுதான். பாட்டில், பொத்தான், குழாய், கைப்பிடி, சக்கரம் என எதை எடுத்தாலும் இது வந்து நிற்கும். நான்கு விதமாகத் தப்பலாம். நான்கும் வேறு வேறு நோய்கள்.

ஓரம் கூர்ந்திருந்தால், நீங்கள் மேல் வளைவு ஒன்று, கீழ் வளைவு ஒன்று என இரண்டாகப் போட்டுச் சேர்க்கிறீர்கள். நீள்வட்டத்தில் எங்கேயும் மூலை கிடையாது. எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரம் உருண்டுதான் திரும்பும். தோளிலிருந்து கையைச் சுழற்றி ஒரே வீச்சில் இரண்டு சுற்று போடுங்கள். இரண்டு சுற்றும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் பரவாயில்லை.

சாய்வு தப்பியிருந்தால், என் ஆசிரியர் போட்ட கோடு உங்களுக்குத்தான். அது உருளையின் நடு அச்சு. பள்ளிக் கணக்கில் நீள்வட்டத்தை நீளவாக்கில் பாதியாக்கும் கோடு நெட்டச்சு, குறுக்கே பாதியாக்கும் குட்டைக் கோடு குற்றச்சு என்று படித்திருப்போம். எதற்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. குற்றச்சு எப்போதும் உருளையின் நடு அச்சோடு ஒன்றாகப் படுத்திருக்கும். நெட்டச்சு அதற்குச் செங்குத்தாக நிற்கும். நிமிர்ந்த கோப்பையில் நடு அச்சு செங்குத்து, ஆகவே வாயின் நெட்டச்சு கிடைமட்டம். அதே கோப்பையைப் படுக்க வைத்தால் அச்சு சாய்கிறது, வாயும் அதோடு சேர்ந்து சாயவேண்டும். பெரும்பாலானோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். படுத்த பாட்டிலுக்கும் காரின் சக்கரத்துக்கும் நெட்டச்சைச் செங்குத்தாகவே நிறுத்திவிட்டு, வண்டி ஏன் கழன்று விழுவது போல் இருக்கிறது என்று யோசிப்பார்கள். சக்கரத்துக்கு அதன் இருசுதான், அதாவது அது சுழலும் தண்டுதான், குற்றச்சின் திசை. இருசை முதலில் போடுங்கள், சக்கரம் தானாக உட்காரும்.

அடிப்பாகம் தட்டையாக இருந்தால், கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு மனதுக்குத் தெரிந்ததை வரைந்திருக்கிறீர்கள். கோப்பை மேசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே அடியில் நேர்கோடு. ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து வாய்ப்பகுதி சரியாகக் கண்மட்டத்தில் வரும்படி பிடியுங்கள். வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள், வாய் திறந்துகொண்டே வரும். கண்மட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு திறப்பு. அப்படியென்றால் வாயைவிட அடி இன்னும் கீழே இருக்கிறது, அது வாயைவிட உருண்டையாகத்தானே தெரியவேண்டும்? பழகும்போது மறைந்திருக்கும் பின்பாதியையும் சேர்த்து அடி வட்டத்தை முழுதாகப் போடுங்கள், கோப்பை கண்ணாடியால் ஆனது என்று நினைத்துக்கொண்டு.

நான்காவது கொஞ்சம் நுணுக்கம். வட்டத்தின் நடுவில் ஒரு குமிழோ ஓட்டையோ வைத்தால் அது நடுவில் இல்லாதது போல் உறுத்தும். பெர்ஸ்பெக்டிவில், அதாவது அருகில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும்படி வரையும் முறையில், வட்டத்தின் உண்மையான மையம் நெட்டச்சின் மேல் விழுவதில்லை, அதைவிடக் கொஞ்சம் பின்னால், நம்மைவிட்டு விலகிய பக்கத்தில் விழும். முன்பாதி அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. சின்னப் பொருளில் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். பெரிய மேசை, பெரிய சக்கரம் என்றால் விடமுடியாது.

என் நோட்டில் இருந்தவை முதலாவதும் இரண்டாவதும். ஒன்றாக வந்ததால் இரண்டையும் ஒரே தப்பு என்று நினைத்து வெகுநாள் குழம்பினேன். ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள்.

பெட்டி பின்னால் விரிகிறது, அல்லது முன்மூலை ஈட்டி மாதிரி குத்துகிறது

ஸ்கேலையும் வேறு நிறப் பேனாவையும் எடுங்கள். வரைவதற்கு இல்லை, வரைந்ததைப் பரிசோதிக்க. பெட்டியின் ஒரே திசையில் ஓடும் நான்கு விளிம்புகளையும் பின்பக்கமாக நீட்டுங்கள். அவை தூரத்தில் ஒன்றை ஒன்று நெருங்கவேண்டும். விலகிப் போனால் பெட்டி பின்னால் விரிகிறது. மூன்று நெருங்கி ஒன்று மட்டும் தனியாகப் போனால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. பெரும்பாலும் அது பின்பக்க விளிம்பாக இருக்கும். ஏனென்றால் அதைக் கடைசியாக, மூலைகளை இணைத்தால் போதும் என்று போட்டிருப்போம். ஒரு விளிம்பு போடும்போது அதன் கூட்டாளிகள் மூன்றும் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டுப் போடுவதுதான் மருந்து. 20 பெட்டி வரைந்து 20ஐயும் இப்படிச் சிவப்புப் பேனாவால் திருத்தினால், திருத்தாமல் வரைந்த 200 பெட்டியைவிட அதிகம் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

முன்மூலை குத்தினால் கதை வேறு. விதி தெரிந்தவருக்குத்தான் இது வரும். இரண்டு மறையும் புள்ளிகளையும் (ஒரே திசையில் ஓடும் விளிம்புகளை நீட்டினால் போய்ச் சேரும் இடங்கள்) ஒழுங்காக வைத்திருப்பார், ஆனால் இரண்டையும் ஏ4 தாளுக்குள்ளேயே வைத்திருப்பார். புள்ளிகள் அவ்வளவு பக்கத்தில் இருந்தால், பொருளுக்கு மிக அருகில் மூக்கை வைத்துப் பார்க்கும் காட்சி கிடைக்கும். தீப்பெட்டி அளவுப் பொருளும் கட்டடம் மாதிரி மிரட்டும். சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இன்னொரு தாளின் மூலையை எடுத்து, பெட்டியின் நமக்கு மிக அருகில் உள்ள கீழ் மூலையில் வையுங்கள். அங்கே பின்னோக்கிப் போகும் இரண்டு விளிம்புகளுக்கும் இடையிலான கோணம் தாளின் மூலையைவிடப் பெரிதாக, அதாவது 90 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். குறைந்திருந்தால் மறையும் புள்ளிகளை வெளியே தள்ளுங்கள். கையில் பிடிக்கும் பொருள்களுக்கு அவை தாளுக்கு நன்றாக வெளியேதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் போய்த் தொட்டுக்கொண்டு வர முடியாது, கண்மதிப்பில்தான் போடவேண்டும். பெட்டிப் பயிற்சி எல்லாம் அந்தக் கண்மதிப்புக்குத்தான்.

ஒரு முகத்தின் நடுவைப் பிடிக்க ஸ்கேலால் அளந்து பாதியில் புள்ளி வைக்காதீர்கள். பெர்ஸ்பெக்டிவில் பாதி என்பது பாதியில் இருக்காது. நான்கு மூலைகளுக்கும் மூலைவிட்டம் போட்டால் இரண்டும் வெட்டும் இடம்தான் நடு. கதவின் பிடி, திரையின் நடு, ஸ்பீக்கரின் வட்டம் எல்லாவற்றுக்கும் இதுவே.

வரையும்போது சரியாக இருக்கிறது, தூக்கிப் பார்த்தால் நீண்டு கிடக்கிறது

தாள் மேசையில் படுத்திருக்கிறது, நீங்கள் சாய்வாகப் பார்க்கிறீர்கள். தாளின் மேல்பகுதி கண்ணிலிருந்து தூரம் என்பதால் ஒடுங்கித் தெரிகிறது, கை அதை ஈடுகட்ட நீட்டிவிடுகிறது. ஏ3 அளவுக்குப் போனால் இன்னும் மோசம். பலகையின் பின்விளிம்புக்குக் கீழே இரண்டு தடித்த புத்தகம் கொடுத்துச் சாய்த்துக்கொண்டால் பாதி நோய் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்றும் பாருங்கள்.

நீளவில்லை, ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சாய்வு, இடம் வலம் மாறியதும் பளிச்சென்று அடிக்கும். முதல் முறை பார்க்கும்போது கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கும்.

பொருள் கண்முன் இருந்தும் படம் வேறு எதுவோ மாதிரி வருகிறது

நாற்காலி இதற்குச் சரியான சோதனை. நான்கு காலும் ஒரே நீளம் என்று தெரியும், அதனால் நான்கையும் ஒரே நீளத்தில் வரைவோம், நாற்காலி தரையில் நிற்காமல் தொங்கும். இங்கே கைக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை, கண்ணை ஏமாற்றவேண்டும். நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு இடையில் தெரியும் வெற்றிடங்களை வரையுங்கள். முன் இரண்டு காலுக்கும் இருக்கைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோணல் நாற்கரம். பக்கத்தில் இன்னொன்று, அதைவிட ஒல்லி. அந்த வெற்றிடத்துக்குப் பெயர் கிடையாது, அதனால் அது எப்படி இருக்கவேண்டும் என்று மூளைக்கு முன்முடிவும் கிடையாது. தெரிவதை அப்படியே போடும். வெற்றிடங்கள் முடிந்ததும் நடுவில் நாற்காலி நிற்கும்.

அளவு எடுக்கப் பென்சிலை நீட்டிப் பிடிக்கும் பழைய உத்தியையும் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். முழங்கை மடங்கக்கூடாது, ஒரு கண் மூடியிருக்கவேண்டும், பென்சில் பார்வைக்குக் குறுக்காக நிற்கவேண்டும், பொருளை நோக்கிச் சாயக்கூடாது. கை ஒருமுறை மடங்கி ஒருமுறை நீண்டால் இரண்டு அளவையும் ஒப்பிடவே முடியாது. இருக்கையின் அகலத்தை ஒரு பங்கு என்று கட்டைவிரல் நகத்தால் குறித்துக்கொண்டு, முதுகுச் சாய்வு அதில் எத்தனை பங்கு என்று பாருங்கள்.

அப்புறம் ஒன்று: போட்டோவைப் பார்த்து வரைந்து பழகுகிறவரா? போன் கேமராவை அருகில் வைத்து எடுத்த படத்தில் முன்பாகம் ஊதியிருக்கும். அதையே நகலெடுத்துவிட்டு உங்கள் கையைத் திட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் வீக்கம் குறையும்.

பார்த்தால் வருகிறது, மனதிலிருந்து வரைய முடியவில்லை

டிஸைன் மாணவருக்கு இதுதான் மையமான சிக்கல். நாம் வரையப்போகும் பொருள் இன்னும் உலகத்தில் இல்லை, பார்த்து வரைய எதுவும் கிடையாது. இந்த இடத்தில் கற்பனை வளம் குறைவு என்று தங்களையே நொந்துகொள்கிறவர்கள் அதிகம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு ஸ்டேப்லரை மனதிலிருந்து வரையச் சொல்லும் வரை. தினமும் கையாளும் பொருள். வெளிக்கோடு வந்துவிட்டது. மேல்தாடை எங்கே அச்சில் திரும்புகிறது, ஸ்பிரிங் எதைத் தள்ளுகிறது, பின் எந்தப் பள்ளத்தில் ஓடுகிறது என்று வந்ததும் பேனா நின்றது. எனக்குத் தெரியவில்லை, அதனால் வரையமுடியவில்லை. எடுத்துத் திறந்து மூடி, அச்சாணி பின்பக்கம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பார்த்த பிறகு படம் வந்தது.

ஆகவே முதல் வேலை: வாரத்துக்கு ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பிரித்து, அல்லது பிரிக்காமலாவது எல்லாப் பக்கமும் திருப்பி, அது எப்படி வேலை செய்கிறது என்று புரியும்படி வரையுங்கள். இரண்டாவது: ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள், பொருளை மறைத்துவிட்டு வரையுங்கள், மறுபடி எடுத்து வைத்து, தப்பிய இடங்களை வேறு நிறத்தில் அதே படத்தின் மேலேயே திருத்துங்கள். நிறம் மாறிய இடங்கள்தான் நீங்கள் பார்த்தும் கவனிக்காத இடங்கள். மூன்றாவது: புதுப் பொருளை எடுத்தவுடன் முக்கால் கோணத்தில், அதாவது முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும்படி, வரையத் தாவாதீர்கள். பக்கத் தோற்றத்தைத் தட்டையாகச் சின்னதாக ஐந்தாறு போட்டுப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அது அடங்கும் அளவுக்குப் பெர்ஸ்பெக்டிவில் ஒரு பெட்டி போட்டு, பெட்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் கிடைக்கும் நடுத் தளத்தில் அந்தப் பக்கத் தோற்றத்தைப் படியவைத்து, இரண்டு பக்கமும் பருமன் கொடுங்கள். வளைந்த பரப்பு எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தெரிய, உடம்பைச் சுற்றி நூல் கட்டியது மாதிரி இரண்டு மூன்று குறுக்குக் கோடுகள். இந்த நூல்கள் தப்பாக இருந்தால் பொருள் தப்பாக இருக்கிறது என்று அர்த்தம். ஷேடிங் போட்டு அதை மறைக்கமுடியாது.

வடிவம் சரி, ஆனால் தாளில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறது

எல்லாக் கோடும் ஒரே தடிமன். பொருளின் வெளி எல்லை, அதாவது அதற்குப் பின்னால் வெறும் காற்றுதான் என்னும் விளிம்பு, தடிமனாக. இரண்டு பக்கப் பரப்பும் தெரியும் உள் விளிம்பு மெல்லியதாக. பரப்பின் மேல் ஓடும் குறுக்கு நூல் இன்னும் மெல்லியதாக. தரையைத் தொடும் இடம் எல்லாவற்றையும்விட அழுத்தமாக. ஐந்து நிமிட வேலை. படம் எழுந்து உட்காரும்.

ஷேடிங் அழுக்கு பிடித்தது மாதிரி இருக்கிறது

தாள் பளபளத்துக் கறுப்பு ஏறவில்லை என்றால் பென்சில் தப்பு. பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து சுட்டுக் கடினத்தை மாற்றும் முறைக்கு 1795இல் பிரான்ஸில் கோன்டே என்பவர் காப்புரிமை வாங்கினார். இன்றும் அடிப்படை அதுதான். களிமண் கூடினால் கடினம், வெளிர். கிராஃபைட் கூடினால் மென்மை, கருமை. பென்சிலின் மேல் போட்டிருக்கும் பி எண் கூடக் கூட மென்மையும் கருமையும் கூடும், ஹெச்பி நடுத்தரம். ஹெச்பியை எவ்வளவு அழுத்தினாலும் அது 6பி ஆகாது, தாள்தான் குழியும். இருட்டுக்கு 4பியோ 6பியோ எடுங்கள். விரலால் தேய்த்து மெழுகாதீர்கள், விரலின் எண்ணெய் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். இடது கையால் வரைகிறவர்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் வரைந்ததன் மேலேயே கை உரசாது.

பென்சில் சரியாக இருந்தும் அழுக்காகத் தெரிந்தால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமலே தொடங்கியிருக்கிறீர்கள். பக்கத்தின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பெட்டிக்கு மூன்றே நிறம்: மேல்முகம் வெள்ளை, ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் இருட்டு. மூன்றையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் தனித்தனியாகத் தெரியவேண்டும். உருளையில் எல்லோரும் ஓரத்தில்தான் மிகக் கறுப்பாக்குவார்கள். ஆனால் மிகக் கருத்த பட்டை ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கும். ஓரத்தில் மேசையிலிருந்து திரும்பிய வெளிச்சம் பட்டு லேசாகத் தெளியும். இந்த ஒன்றைச் செய்தாலே உருளை உருளும்.

மார்க்கர் படர்கிறது, பட்டை பட்டையாகிறது

சாதாரண நகல் தாளில் ஆல்கஹால் மார்க்கர் ஊறிப் பின்பக்கம் வரை இறங்கும். மார்க்கர் தாள் வேண்டும், இல்லையென்றால் கீழே ஒரு பழைய தாளையாவது கொடுங்கள். பட்டை விழுவது, முந்தைய வீச்சு காய்ந்த பிறகு அடுத்ததைப் போடுவதால். ஈரம் இருக்கும்போதே அடுத்ததைச் சேர்த்துவிடுங்கள். பால் பாயின்ட் கோட்டின் மேல் மார்க்கர் ஓட்டினால் மை கலங்கும். மார்க்கரை முதலில் போட்டுக் காயவிட்டு, கடைசியில் கோட்டை அழுத்துங்கள்.

தாளில் வருகிறது, டேப்லெட்டில் வரவில்லை

வட்டம் போட்டால் எப்போதும் ஒரே பக்கம் நசுங்குகிறதா? கையைச் சந்தேகிக்கும் முன் அமைப்பைப் பாருங்கள். கணினியோடு இணைத்து வரையும் திரை இல்லாத டேப்லெட்டில், பேனா வேலை செய்யும் பரப்பின் நீள அகல விகிதமும் கணினித் திரையின் விகிதமும் பொருந்தவில்லை என்றால் வட்டம் முட்டையாகத்தான் விழும். டேப்லெட்டோடு வரும் மென்பொருளின் (டிரைவர்) அமைப்பில் விகிதத்தைக் காப்பாற்றும் தேர்வு இருக்கும். அதைப் போட்டதும் சரியாகிவிடும்.

அது இல்லையென்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, பெரிதாக்கிப் பெரிதாக்கி ஓர் ஓரத்தை மட்டும் மெருகேற்றுகிறீர்கள். மொத்தம் கோணியிருப்பது தெரிவதில்லை. முதல் 10 நிமிடம் ஜூமைத் தொடாதீர்கள். இரண்டு, போட்டதை உடனே நீக்கும் அன்டூ. ஒரு கோட்டை 14 முறை போட்டு 14 முறை அழித்தால், 14 தப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அவை எந்தப் பக்கம் தப்பின என்பதும் சேர்ந்தே போய்விடும். தாளில் அவை அப்படியே கிடந்து பாடம் சொல்லும். பயிற்சிக்கென்று ஒரு கோப்பில் அன்டூ பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசரையும் அங்கே நிறுத்திவையுங்கள். வேலைக்கான கோப்பில் இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அழகாக இருக்கிறது, ஆனால் எவ்வளவு பெரிய பொருள் என்று யாருக்கும் புரியவில்லை

பக்கத்தில் ஒரு கையை வரையுங்கள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஏறக்குறைய முகவாயிலிருந்து முன்நெற்றி முடி தொடங்கும் இடம் வரை உள்ள நீளம். உங்கள் கையை முகத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். விரல் விரலாக வரையத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளங்கையை ஒரு தட்டைப் பெட்டியாகவும், நான்கு விரலையும் சேர்த்து ஒரே கையுறையாகவும் போட்டுவிட்டு, பொருளைத் தொடும் விரலை மட்டும் பிரியுங்கள். அறையில் வைக்கும் பெரிய பொருளுக்கு ஒரு மனிதர். நின்றால் தலையின் உயரத்தைப் போல் ஏழரை மடங்கு, அவ்வளவு போதும்.

மூன்றாம் வாரம் நோட்டுத் திறக்கப்படவே இல்லை

இதையும் பழுதாகவே எடுத்துக்கொண்டு காரணம் தேடுங்கள். சோம்பல் என்று பெயர் வைத்தால் திருத்த எதுவும் கிடைக்காது. என்ன வரைவது என்று தினமும் யோசிக்கவேண்டியிருந்ததா? ஞாயிறன்றே ஏழு பொருளை எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நோட்டு மிக அழகாக, கெடுக்கப் பயப்படும்படி இருக்கிறதா? மலிவான தாள் கட்டுக்கு மாறுங்கள். என் நல்ல நோட்டு ஒன்று ஆறு பக்கத்தோடு இன்னும் அலமாரியில் கிடக்கிறது, மட்டத் தாள்கள்தான் கட்டுக்கட்டாகத் தீர்ந்தன. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டதால் நேரமே கிடைக்கவில்லையா? 15 நிமிடமாகக் குறையுங்கள். அதில் முதல் 3 நிமிடம் கோடும் நீள்வட்டமும், மீதி அந்த வாரப் பழுதுக்கு மட்டும்.

கை வலித்ததால் நின்றிருந்தால் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். விரல் நுனி வெளுத்திருந்தால் இறுக்கம்தான். தடித்த உடல் உள்ள பேனா உதவும். பிடியைத் தளர்த்தி, ஓய்வு கொடுத்த பிறகும் வலியோ மரத்துப்போவதோ நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நான்கு வாரம் கழித்து அதே சோதனைத் தாளை, அதே 15 நிமிடத்தில், அதே பேனாவால் மறுபடி போடுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டுங்கள். தேர்ந்தெடுத்த பழுது குறைந்திருந்தால் அடுத்ததற்குப் போகலாம். குறையவில்லை என்றால் இன்னும் அதிகமாக வரையத் தொடங்காதீர்கள். நீங்கள் நினைத்த காரணம் தப்பாக இருக்கலாம். தாளை வேறு ஒருவரிடம் கொடுத்து, எதுவும் விளக்காமல், "இதில் எது உறுத்துகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் விரல் வைக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.